வியாழக்கிழமை மேசை

திருப்தியா, இல்லையா என்று ஒரே வார்த்தையில் சொல்லச் சொல்கிறீர்கள் அம்மிணி. ஒரு வார்த்தையில் முடிகிற விஷயமா இது? கொஞ்சம் இப்படி மின்விசிறிக்குக் கீழே தள்ளி உட்காருங்கள். என்னைக் கூப்பிட இன்னும் நேரமாகும். இங்கே வருகிற நோயாளிகள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதத்தானே காலேஜிலிருந்து வந்திருக்கிறீர்கள்? எழுதுங்கள். பெயர் அங்கமுத்து. வயது அறுபத்தாறு. படிப்பு மூன்றாவது. தொழில் டிரைவர். முன்னாள் டிரைவர் என்று எழுதிவிடாதீர்கள். டிரைவர் என்றே எழுதுங்கள்.

முப்பத்தெட்டு வருடம் லாரி ஓட்டினேன். சங்ககிரியிலிருந்து இந்தூர் வரைக்கும் எந்தச் செக்போஸ்ட்டில் யார் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஆறு வருடம் நூல் மில்லுக்கு வேன். விடியற்காலை ஷிஃப்டுக்குப் பெண்பிள்ளைகளைக் கொண்டு போய் விட வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் ஏற்றி வந்து அவரவர் ஊரில் இறக்கிவிட வேண்டும். பத்தொன்பது பிள்ளைகள். மில்லில் ஒரு சட்டம் உண்டு. அறுபது தாண்டிய டிரைவர் வருடத்துக்கு ஒரு தடவை இந்த ஆஸ்பத்திரியில் உடம்பைக் காட்டி, வண்டி ஓட்டலாம் என்று காகிதம் வாங்கிக் கொடுக்க வேண்டும். காகிதம் இல்லாவிட்டால் வேன் சாவி இல்லை. என் வழக்கு மொத்தமும் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

முன்பு இங்கே ராமலிங்கம் டாக்டர் இருந்தார். ஒரே ஆள். நாக்கை நீட்டு என்பார், கண்ணைக் கீழே இழுத்துப் பார்ப்பார், இரண்டு திட்டு திட்டுவார், சீட்டு எழுதுவார். ஒன்பது மணிக்கெல்லாம் வெளியே வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். என்னைப் பற்றி எது தெரிந்தாலும் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். எது தெரியாவிட்டாலும் அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. கணக்கு சுலபம்.

இப்போது பாருங்கள். முதல் அறையில் எஸ்தர் நர்ஸம்மா. பிரஷர், எடை, பேச்சு. இரண்டாவது அறையில் விரலைக் குத்துகிற லேப் தம்பி. மூன்றாவதில் டாக்டரம்மா. அதுவும் சின்னப் பிள்ளை, என் பேத்தி வயதுதான். நான்காவது, ஜன்னல் வழியாக மாத்திரை கொடுக்கிற சார். இது போதாதென்று வீட்டுக்கே வந்து பார்க்க எங்கள் ஊர் தங்கமணி. ஐந்து பேர். ஒரு சர்க்கரைக்கு ஐந்து பேர்.

ஐந்து பேரிடமும் ஒரே கதையை ஐந்து தடவை சொல்ல வேண்டும்.

“சர்க்கரை எத்தன வருசமா இருக்குதுங்கய்யா?”

“ஒம்பது வருசம்.”

அடுத்த அறைக்குப் போனால் அதே கேள்வி. “இப்பத்தான அந்தம்மாகிட்டச் சொல்லீட்டு வர்றேன்” என்றால், “எனக்கும் சொல்லுங்க” என்கிறான் அந்தத் தம்பி. மூன்றாவது அறை, அதே கேள்வி. ஜன்னலில் மாத்திரை சாரும் கேட்டார். “உங்ககிட்ட வந்து சேர்றதுக்குள்ள பத்து வருசம் ஆயிருச்சுங்க” என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பத்து என்று எழுதிக்கொண்டார். இன்றைக்கும் அந்தச் சீட்டில் பத்து என்றுதான் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

நர்ஸம்மா தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்வார். டாக்டரம்மா முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதிகம் நடக்காதீர்கள் என்பார். நான் எந்தப் பக்கம் திரும்புவது? ஒரு வண்டிக்கு ஒரு ஸ்டியரிங்தானே?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். மஞ்சள் மாத்திரை விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. அதை நன்றாகக் கேட்டு எழுதுங்கள்.

போன வருடம் தை மாதம். டாக்டரம்மா எனக்கு மாத்திரையை மாற்றினார். அதுவரை மஞ்சள். இனிமேல் வெள்ளை. மஞ்சளை நிறுத்த வேண்டும். எனக்கு யார் அதைச் சொல்ல வேண்டும்? நர்ஸம்மா சொல்லுவார் என்று டாக்டரம்மா இருந்துவிட்டார். மாத்திரை சார் சொல்லுவார் என்று நர்ஸம்மா இருந்துவிட்டார். டாக்டர் சொல்லாமலா இருப்பார் என்று மாத்திரை சார் இருந்துவிட்டார். நான் என்ன செய்தேன்? கொடுத்ததைத் தின்றேன். வீட்டில் மஞ்சள் நிறைய மிச்சம் இருந்தது. வெள்ளையும் தின்றேன், மஞ்சளும் தின்றேன். ஐந்து நாள். தங்கமணி வீட்டுக்கு வந்து மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“ஏனுங்ணா, ரெண்டையுமா தின்னுட்டு இருக்கறீங்க?”

“குடுத்தாங்க, தின்னேன்.”

இழுத்துக்கொண்டு வந்து இங்கே நிறுத்தினாள். அன்றைக்கு ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டாக்டரம்மா என்னிடம் தப்பு எங்களுடையதுதான் என்று சொன்னார். வாய்விட்டுச் சொன்னார். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் சொல்லிவிட்டால் ஆயிற்றா?

அன்றைக்கும் விரலைக் குத்தினார்கள். தொண்ணூற்று இரண்டு. என் ஆயுளில் வராத எண். எப்போதும் இருநூறுக்குக் கீழே இறங்காதவன் நான். அந்த லேப் தம்பி, “சூப்பருங்கய்யா” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். மஞ்சளை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன். ஆனால் தூக்கிப் போடவில்லை. நல்ல மாத்திரையை யாராவது தூக்கிப் போடுவார்களா?

அம்மிணி, லாரிக்கு எஃப்.சி. காட்டுவது தெரியுமா உங்களுக்கு? வண்டி ஓடத் தகுதியாக இருக்கிறதா என்று அதிகாரி பார்ப்பார். பார்க்கிற அன்றைக்குத் தெரிந்தவர் வண்டியிலிருந்து நல்ல டயர் நான்கைக் கழற்றி மாட்டிக்கொண்டு போவோம். காட்டிவிட்டு வந்து கழற்றிக் கொடுத்துவிடுவோம். மறுநாள் நம் டயரிலேயே இந்தூர். எல்லாரும் செய்வதுதான். அதிகாரிக்கும் தெரியும். அவருக்கு அன்றைக்கு டயர் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதைத்தான் நானும் செய்தேன். ஆஸ்பத்திரி செவ்வாய்க்கிழமை என்றால் சனிக்கிழமையிலிருந்து சோறு கிடையாது. ராத்திரிக்கு மோர். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வெள்ளையோடு மஞ்சளும் ஒன்று. வந்து விரலை நீட்டுவேன். நூற்றுப் பத்து. நூற்று இரண்டு. தொண்ணூற்று ஏழு. நர்ஸம்மா மற்றவர்களிடம் என்னைக் காட்டி, “இந்த ஐயாவப் பாத்துக் கத்துக்குங்க” என்பார். போன வருடக் காகிதம் அப்படித்தான் கையெழுத்தாகி வந்தது. புதன்கிழமை பாவாயி எனக்கு அரிசிம்பருப்புச் சோறு நெய் ஊற்றிப் போடுவாள். பாவாயி என் சம்சாரம்.

இதில் யாருக்கு நஷ்டம்? சொல்லுங்கள்.

இந்த வருடக் காகிதத்துக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வழக்கம்போலத் தயாராகி, வெறும் வயிற்றோடு, இரண்டு மாத்திரையும் போட்டுக்கொண்டு காலை ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்தேன். இங்கேதான் உங்கள் பேனாவை அழுத்தி எழுத வேண்டும். ஏழு மணிக்கு வந்தவனை எத்தனை மணிக்கு விட்டார்கள் தெரியுமா? ஒரு மணிக்கு. முதல் அறையில் என் சர்க்கரைக் கணக்கு எழுதுகிற புத்தகத்தைக் காணோம். தேடி எடுத்தால் இரண்டாவது அறையில் தம்பி வெளியே போயிருக்கிறான். பிறகு அவசரமாக ஒரு பிரசவம், டாக்டரம்மா உள்ளே போய்விட்டார். மாத்திரை ஜன்னலில் வரிசை பாம்பு மாதிரி. நடுவில் எழுந்து போய்ச் சாப்பிட்டால் முறை போய்விடும். இரண்டு மணிக்கு மில் வாசலில் வேன் நிற்க வேண்டும். சாப்பிடாமலே போய் வண்டியை எடுத்தேன். அந்தக் காலத்து ராமலிங்கம் டாக்டராக இருந்திருந்தால் ஒன்பது மணிக்கு நான்கு இட்லி உள்ளே போயிருக்கும். எதுவும் நடந்திருக்காது. அடித்துச் சொல்வேன்.

என்ன நடந்ததா? பெரிதாக ஒன்றும் இல்லை. வாய்க்கால் மேட்டில் போகும்போது வேர்த்தது. கை கொஞ்சம் நடுங்கியது. கண் இருட்டியது. வண்டி நின்றது. பிள்ளைகள் இறங்கி எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒருத்தி டப்பாவில் மிச்சம் வைத்திருந்த கேசரியை வாயில் ஊட்டினாள். கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. அத்தனை பேரையும் அவரவர் ஊரில் இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். மில்லில் யாரும் சொல்லவில்லை. நல்ல பிள்ளைகள்.

ஒருத்தியைத் தவிர. கோகிலா. தங்கமணியின் அண்ணன் மகள். டிரைவர் தாத்தாவுக்கு வண்டியில் வேர்த்துக் கொட்டியது, ஓரமாக நிறுத்திவிட்டார் என்று அத்தைக்காரியிடம் போய் ஓதிவிட்டாள்.

அதற்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை வரச் சொல்லி ஆள் விட்டார்கள். மத்தியானம் வந்தால் ஆஸ்பத்திரியில் கூட்டமே இல்லை. அந்தக் கோடி அறை இருக்கிறதே, அதில் மேசை போட்டு ஐந்து பேரும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை தோறும் உட்கார்வார்களாம். ஒவ்வொரு நோயாளியாக எடுத்துப் பேசுவார்களாம். மேசை நடுவில் என் புத்தகம். எனக்கு அப்போதே திக்கென்றது. என்னை வைத்து நான் இல்லாமலே பஞ்சாயத்து நடந்திருக்கிறது.

“உக்காருங்கய்யா” என்றார் டாக்டரம்மா. “மூணு மாசச் சராசரின்னு ஒரு டெஸ்ட்டு எடுத்தோமில்லைங்களா. அன்னைக்கி விரல்ல பாத்தது தொண்ணூத்தஞ்சு. சராசரி ஒம்பது புள்ளி எட்டு, அது ஏழுகிட்ட இருக்கணும். ரெண்டும் ஒரே ஆளோடதுன்னு நம்ப முடியலைங்க.”

“மிசின் தப்பா இருக்குமுங்க.”

“மிசின் ரெண்டு தடவ பாத்தாச்சு.”

பிறகு ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். நேற்று மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை என்று என்னிடம் சொன்னாரே என்றான் லேப் தம்பி. நெஞ்சு படபடப்பாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னாரே என்றார் நர்ஸம்மா. மஞ்சள் மாத்திரை இருந்தால் இரண்டு அட்டை கொடுங்கள் என்று என்னிடம் கேட்டாரே என்றார் மாத்திரை சார். கடைசியாகத் தங்கமணி. “ஆசுபத்திரிக்கு முன்னாடி மூணு நாளு பட்டினி, அப்பறம் நெய்யச் சோத்துல மிதக்க வெச்சுத் திங்கறாருன்னு பாவாயக்கா அழுவுதுங்க.”

பார்த்தீர்களா? நான் ஒவ்வொருவரிடமும் ஒரு பேச்சுதான் கொடுத்தேன். மனிதனை நம்பிக் கொடுத்த பேச்சு. லேப் தம்பியிடம் சொன்னது லேப் தம்பிக்கு. நர்ஸம்மாவிடம் சொன்னது நர்ஸம்மாவுக்கு. இவர்கள் என்ன செய்தார்கள்? எல்லாவற்றையும் கொண்டு வந்து மேசையில் கொட்டி, இது இதோடு பொருந்துகிறது, அது அதோடு பொருந்துகிறது என்று ஒட்ட வைத்துவிட்டார்கள். என் வீட்டுப் பொம்பளை பேச்சு உட்பட. முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு செக்போஸ்ட்டுக்காரன் அடுத்த செக்போஸ்ட்டுக்காரனிடம் பேசி நான் பார்த்ததில்லை.

“நாங்க அஞ்சு பேரும் ஒரு டீமுங்கய்யா” என்றார் டாக்டரம்மா.

“கபடி டீமுங்களா?” என்றேன். “நான் ஒருத்தன் பாடீட்டு வந்தேன். அஞ்சு பேரும் சேந்து கால வாரி அமுக்கீட்டீங்க.”

மாத்திரை சார் அன்றைக்குத்தான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காகிதம் கிடையாது என்றார்கள். மூன்று மாதம் ஒழுங்காக மாத்திரை, ஒழுங்காகச் சாப்பாடு, பிறகு சராசரியைப் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். “வண்டி ஓடிக்கிட்டு இருக்கறப்ப நெனவு தப்பியிருந்தா என்னங்கய்யா ஆயிருக்கும்?” என்று நர்ஸம்மா கேட்டார். தப்பவில்லையே என்றேன். வண்டி நின்றது என்றேன்.

மறுநாளே சாவியை வாங்கிவிட்டார்கள். பிரவீனாம், லைசென்ஸ் எடுத்துப் பதினோரு மாதம் ஆன பையன். அவன் கையில் என் வேன். மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்து பாவாயி முகத்தையும் அவள் போடுகிற கேழ்வரகுக் களியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கமணி வாரம் இரண்டு தடவை வந்து டப்பாவைத் திறந்து பார்ப்பாள். அவளோடு பேசுவதில்லை. கையை மட்டும் நீட்டுவேன், பிரஷர் பார்த்துவிட்டுப் போவாள். போகும்போது, “வர்றனுங்ணா” என்பாள். இரண்டு மூன்று நாளில் மறுபடியும் வருவாள்.

இன்றைக்குச் சராசரி வந்துவிட்டது. ஏழு புள்ளி இரண்டு. சும்மா ஒன்றும் வரவில்லை, மூன்று மாதம் வாயைக் கட்டினேன். காகிதம் இன்றைக்குக் கையெழுத்தாகும். உள்ளே மற்றவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கூப்பிடுகிறேன் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நாளையிலிருந்து வேன்.

ஆனால் அந்தக் கோகிலாவை முதலில் பின் சீட்டுக்கு மாற்ற வேண்டும். அவளுக்கு அவ்வளவு திமிர் ஆகாது. வயது இருபது. அன்றைக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவள், என் ஹேண்ட் பிரேக்கில் கை வைத்துவிட்டாள் அம்மிணி. ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு, ஒரு கையால் பிரேக்கை இழுத்து… முப்பத்தெட்டு வருடம், கூட வந்த கிளீனர்களில் ஒருவன்கூட என் பிரேக்கைத் தொட்டதில்லை. தொட விட்டதில்லை. இந்தப் பிள்ளை என்னைக் கேட்காமல் இழுக்கிறாள்.

கேட்டாளோ என்னமோ. தாத்தா தாத்தா என்று தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

இல்லை, டாக்டரம்மாவுக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லையே. வண்டி நின்றதா என்றார்கள், நின்றது என்றேன். அதில் பொய் என்ன? யார் நிறுத்தினார் என்று யாரும் கேட்கவில்லை. கோகிலாவும் அத்தையிடம் அதைச் சொல்லவில்லை. நான் நிறுத்தியதாகத்தான் சொல்லியிருக்கிறாள். ஏனா? அன்றைக்கு வாய்க்கால் மேட்டில் கேசரியை ஊட்டிக்கொண்டே சொன்னாள். “நான் நிறுத்துனது வெளிய தெரிய வேண்டாந் தாத்தா. எங்க வீட்டுல பயந்துக்கிட்டு வேலைக்கு அனுப்ப மாட்டாங்க. உங்களுக்கும் சாவி போயிரும்.” மற்றப் பதினெட்டுப் பேரும் தலையாட்டினார்கள். அவர்களும் வட்டமாக உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்தார்கள், இப்போது நினைத்தால்.

எவ்வளவு தூரம் இருந்ததா? எதற்கு? வாய்க்காலுக்கா? முன் சக்கரம் சரளையைத் தாண்டிப் புல்லில் நின்றது. அப்புறம் ஒரு கல். அப்புறம் தண்ணீர். அது பாசனத்துக்குத் தண்ணீர் விட்டிருந்த சமயம்.

அதை ஏன் கேட்கிறீர்கள்?

அதற்கு மறுநாளிலிருந்து அவள் எனக்குச் செய்த அவமானத்தைக் கேளுங்கள். சாவியை வாங்குகிற வரைக்கும் எட்டு நாள் ஓட்டினேன். எட்டு நாளும் அவள்தான் முன் சீட்டு. வேறு யாரையும் உட்கார விடவில்லை. காலை மூன்றரைக்கு எழுந்து, எட்டு மணி நேரம் மிசினில் நின்றுவிட்டு வருகிற பிள்ளைகள். ஏறின உடனே பின்னால் பதினெட்டும் தூங்கிவிடும். வாயைத் திறந்துகொண்டு, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு. இவள் மட்டும் தூங்க மாட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு வருவாள். கையை ஹேண்ட் பிரேக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. தொடவில்லை. பக்கத்தில். நான் பார்த்தால் கையை மடியில் வைத்துக்கொள்வாள். ரோட்டைப் பார்த்தால் கை மறுபடியும் வந்துவிடும். “தூங்கு கண்ணு” என்று ஒரு நாள் சொன்னேன். “தூக்கம் வல்லீங் தாத்தா” என்றாள். கண் இரண்டும் சிவந்து சொருகிக்கொண்டு போகிறது, தூக்கம் வரவில்லையாம்.

முந்தாநாள் டீக்கடையில் நின்றிருந்தேன். என் வேன் போனது. பிரேக் அடிக்கிற விதமே சரியில்லை, ஆளை முன்னால் தள்ளுகிறான். முன் சீட்டில் கோகிலா. கண்ணாடியில் தலையைச் சாய்த்து நன்றாகத் தூங்கிக்கொண்டு போகிறாள். கடைக்காரர் டீயை நீட்டினார், வாங்கத் தோன்றவில்லை. பதினோரு மாத லைசென்ஸ் அம்மிணி. அந்தப் பையனை நம்பித் தூங்குகிறாள்.

கூப்பிடுகிறார்களா? என் பெயர்தான். இருக்கட்டும், இன்னொரு தடவை கூப்பிடுவார்கள்.

இப்போது எழுதினீர்களே, அந்தத் தாள் எங்கே போகும்? காலேஜுக்கா, இவர்களுக்கா? இரண்டு பேருக்கும்தானா? அதானே பார்த்தேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் நான். இல்லை, எழுதினதை அடித்துவிடாதீர்கள். பிரேக் பிடித்தது கோகிலா என்று எழுதியிருக்கிறீர்கள்தானே? அப்பா பெயர் பழனிச்சாமி, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அந்த ஊரில் இரண்டு கோகிலா இருக்கிறார்கள். வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று சொன்னாள், அதையும் கீழே எழுதிவிடுங்கள். இவர்கள் அதை வெளியே விடமாட்டார்கள். தங்கமணி விடமாட்டாள்.

மறுபடியும் கூப்பிட்டுவிட்டார்கள். நீங்கள் முன்னால் போங்கள் அம்மிணி. காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதைப் படிக்கச் சொல்லுங்கள். போங்கள். எனக்கு முட்டி வலி, மெதுவாகத்தான் எழுந்திருக்க முடியும்.